யார் தோளில் எந்தத் துணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலை கொஞ்சம் மூச்சு விடும். சிறுசேரி சிப்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் அன்று இல்லை. சாலையை ஒட்டி எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பையன் கைப்பேசியோடு சோபாவில் சாய்ந்திருப்பான். அரை மணி நேரமாகியும் ஆட்டம் தொடங்கியிருக்காது. திரையில் நிற்கும் வீரனுக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பான். கறுப்புக் கோட்டு வேண்டாம், சிவப்பு. முகமூடி இருக்கட்டும். முதுகில் பறக்கிற அந்தத் துணி கட்டாயம் வேண்டும். "சண்டைக்குப் போறவனுக்கு எதுக்குடா இவ்வளவு அலங்காரம்?" என்று பாட்டி கேட்டால் பதில் வராது. கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

அந்த முதுகுத் துணிக்கு ஆங்கிலத்தில் கேப் என்று பெயர். சூப்பர்மேன் கழுத்திலிருந்து தொங்குவது, ராஜா ராணிப் படங்களில் அரசர் திரும்பும்போதெல்லாம் தரையைப் பெருக்குவது. குளிர் நாடுகளில் அதற்கு ஒரு வேலை இருந்தது. வீடியோ கேமில் குளிரும் இல்லை, மழையும் நனைப்பதில்லை. இருந்தும் அங்கே அது நிலைத்து நிற்பதற்கு முதல் காரணம் கேமராதான். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் கேமரா நாயகனின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஆடுகிறவர் மணிக்கணக்கில் பார்ப்பது தன் வீரனின் முகத்தை அல்ல, பின்பக்கத்தை. அங்கே ஏதாவது அசைந்தால்தான் ஓட்டம் ஓட்டமாகத் தெரியும். குதித்தால் எழும்ப வேண்டும், நின்றால் அடங்க வேண்டும். 1938இல் ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் அச்சில் வந்தபோது, அசையாத காகிதப் படத்தில் வேகத்தைக் காட்ட அந்தச் சிவப்புத் துணிதான் கைகொடுத்தது. 1990இல் வந்த 'சூப்பர் மேரியோ வேர்ல்ட்' விளையாட்டில் மேரியோ ஓர் இறகைப் பிடித்ததும் தோளில் மஞ்சள் துணி முளைக்கும்; அதை விரித்துப் பறப்பான். அன்று அது சில புள்ளிகளால் ஆன சித்திரம், அவ்வளவுதான்.

புள்ளிச் சித்திரம் முப்பரிமாண உருவமாக மாறியபோதுதான் தலைவலி தொடங்கியது. கணினிக்குத் துணி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி, துணியை மீன்வலை மாதிரி கட்டங்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு முடிச்சும் எடையுள்ள ஒரு புள்ளி; முடிச்சுக்கு முடிச்சு கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பிரிங். காற்று தள்ளுகிறது, புவியீர்ப்பு இழுக்கிறது, பக்கத்து முடிச்சு விடமாட்டேன் என்கிறது. இந்த மூன்றுக்கும் கணக்குப் போட்டு ஒவ்வொரு முடிச்சும் அடுத்த நொடித்துளியில் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். திரைப்படம் என்றால் ஒரு காட்சிக்கு இரவெல்லாம் கணினியை ஓடவிடலாம். விளையாட்டில் அது நடக்காது. நொடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி. அதற்குள் எதிரிகள், தோட்டாக்கள், வெளிச்சம், ஒலி எல்லாவற்றுக்கும் கணக்கு முடிந்து, மிச்சம் மீதி நேரம்தான் துணிக்கு.

அதனால்தான் பழைய விளையாட்டுகளில் கேப்புக்குள் வாள் நுழைந்து மறுபக்கம் வரும். நாயகன் உட்கார்ந்தால் துணி தொடையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். லண்டனின் ராக்ஸ்டெடி ஸ்டுடியோ 2009இல் 'பேட்மேன்: ஆர்காம் அசைலம்' விளையாட்டை வெளியிட்டபோது, பேட்மேனின் கேப்புக்கு மட்டும் 700க்கும் மேற்பட்ட அசைவுகளும் ஒலிகளும் சேர்க்கப்பட்டதாகவும், அதற்கென்றே ஒருவர் ஏறத்தாழ 2 ஆண்டு உழைத்ததாகவும் சொல்லப்பட்டது. 2004இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் உடை வடிவமைப்பாளரான எட்னா மோட் என்ற குட்டை அம்மையார், கேப் மாட்டிக்கொண்டதால் விமான இயந்திரத்திலும் ஏவுகணையிலும் சிக்கிச் செத்த நாயகர்களைப் பட்டியல் போட்டு, இனி கேப்பே கிடையாது என்று அடித்துச் சொல்வார். அனிமேஷன்காரர்களின் உள்ளக்குமுறல் என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டும் கேப்பை யாரும் கைவிடவில்லை. காரணம் அழகு மட்டும் இல்லை. 'ரூன்ஸ்கேப்' என்ற இணைய விளையாட்டில் 2006இல் ஓர் ஏற்பாடு வந்தது. மீன்பிடித்தல், சமையல், மரம் வெட்டுதல் என்று ஏதாவது ஒரு தொழிலில் 99ஆம் நிலையை எட்டியவர், அந்தத் தொழிலின் ஆசானிடம் போய் 99,000 நாணயம் கொடுத்து ஒரு கேப் வாங்கிக்கொள்ளலாம். 99ஆம் நிலைக்கு வேண்டிய அனுபவப் புள்ளிகள் 1,30,34,431. மாதக்கணக்கில் ஒரே குளத்தில் ஒரே மீனைப் பிடித்துக்கொண்டிருந்தால் கிடைக்கும் எண் அது. அந்தக் கேப்பில் சின்னச் சின்னப் பயன்கள் உண்டு. ஆனால் அதற்காக யாரும் மாதக்கணக்கில் மீன் பிடிக்கவில்லை. சந்தையில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதுதான் கூலி. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் இன்னொரு வகை. 2011 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த அதன் ரசிகர் மாநாட்டுக்கு நேரில் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு கேப் தரப்பட்டது. வராதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது கிடையாது.

உழைத்து வாங்கியது ஒன்று, இடத்தில் இருந்ததால் கிடைத்தது ஒன்று. இரண்டிலும் துணிக்கு மதிப்பு வருவது அது இல்லாதவர்களால்தான். இந்தக் கணக்கைக் கேம் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் தோளில் கிடக்கும் துணியின் கதை முழுக்க முழுக்க இதுவேதான்.

கடையெழு வள்ளல்களில் இருவர் துணி கொடுத்துப் பேர் வாங்கியவர்கள். பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைக் கொடுத்தான். பொதிகைப் பக்கத்து ஆய், நாகம் தந்ததாகச் சொல்லப்பட்ட அரிய ஆடையை ஆலமரத்தடி இறைவனுக்குக் கொடுத்தான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. ஐரோப்பியர்கள் கொண்டாடும் தூய மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதி கொடுத்தவர். பேகன் முழுசாகவே கொடுத்துவிட்டான், அதுவும் போர்வையை என்ன செய்வதென்று தெரியாத ஒரு பறவைக்கு. பொருநராற்றுப்படையில் இன்னும் நெருக்கமான காட்சி உண்டு. கரிகாலனிடம் வந்து சேர்ந்த பொருநர் கூட்டத்துக் கலைஞனின் உடம்பில் இருந்தது பேன் குடியிருந்த, வியர்வையில் ஊறிய, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அதை நீக்கிவிட்டு, இழை போன தடம் கண்ணுக்கே தெரியாத, பாம்பு உரித்த தோல் போன்ற மெல்லிய துணியைத் தருகிறான் அரசன். சோறும் கள்ளும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அரசன் கையால் வாங்கிய துணி வெறும் துணி இல்லை என்பதை முகலாயர்கள் ஒரு நிர்வாக முறையாகவே வைத்திருந்தார்கள். கிலத் என்ற மரியாதை அங்கி தலை முதல் கால் வரை ஒரு தொகுப்பாக வரும். அதை உடுத்திக்கொள்வது, கொடுத்தவரின் மேலாண்மையை ஒப்புக்கொள்வதற்குச் சமம். நம் கோயில்களில் தலையில் கட்டப்படும் பரிவட்டம் ஒரு முழத் துண்டுதான். யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் ஊர் இரண்டாகி, வழக்கு நீதிமன்றம் வரை போன கதைகள் ஏராளம். மேடையில் போர்த்தும் பொன்னாடைக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது. யாருக்கும் போர்த்தலாம், அதனாலேயே அதன் மவுசு குறைந்துவிட்டது. 2017இல் தி.மு.க. செயல் தலைவரான மு.க. ஸ்டாலின், பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். வாங்கிய பொன்னாடைகளை எங்கே வைப்பது என்பது தமிழ்நாட்டுப் பிரமுகர்களின் வீடுகளில் உண்மையிலேயே ஒரு பிரச்சினை.

ஆனால் நம் அரசர்கள் கேப் போட்டார்களா? நாவலூரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே ஆதிவராக மண்டபத்தில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரவர்மனும் தேவியரோடு இருக்கிறார்கள், பெயர் பொறித்த சிற்பங்களாக. தலையில் உயர்ந்த மகுடம், கழுத்திலும் கையிலும் நகை, இடுப்பில் ஆடை. மார்பு திறந்தே இருக்கிறது. சித்திரையில் அந்தக் கடற்கரையில் அரை மணி நின்று பார்த்தவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. வெல்வெட் கேப் போட்ட பல்லவன் அந்த வெயிலில் போர்க்களம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

பிறகு நம் மனதில் இருக்கும் ராஜாவுக்கு முதுகில் ஜரிகை வைத்த வெல்வெட் எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் குழுக்கள், மேல்நாட்டு மேடை அலங்காரத்தையும் வடநாட்டு தர்பார் உடையையும் கலந்து ஒரு பளபளப்பைக் கொண்டுவந்தன. தமிழ் நாடகக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. கியாஸ் விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் இவர்தான் ராஜா என்று தெரிய வேண்டும். மின்னுகிற துணி அதைச் செய்தது. பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்த நடிகர்கள் சினிமாவுக்கு வந்தபோது அந்த உடையும் கூடவே வந்தது. இன்று சோழனையோ பாண்டியனையோ விளையாட்டு உருவமாக வரைய உட்காரும் இளைஞரின் கை, கல்வெட்டையும் சிற்பத்தையும் விட்டுவிட்டு அந்தப் படங்களின் பக்கம் போவது இயல்புதான். சிற்பத்தின் பக்கமும் போகலாம். மாமல்லபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது.

கேப் இல்லாத தமிழ்நாட்டில் கேப்பின் வேலையைச் செய்தது துண்டு. அதற்கென்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. தோளில் கிடந்தால் அது மரியாதைக்குரியவரின் துண்டு. பெரியவர் எதிரில் வந்தால் அது கக்கத்துக்கு இறங்கும். பண்ணையார் வீட்டு வாசலில் இடுப்புக்கு இறங்கும். ஒரு ஆளின் சாதி என்ன, அவர் யார் எதிரில் நிற்கிறார் என்பதைத் துண்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே தெருமுனையிலிருந்து சொல்லிவிடலாம். கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் மணிக்கணக்கில் வாசித்த நாகஸ்வரக் கலைஞர்கள் மேலுடம்பில் துணியில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று பல ஊர்களில் எதிர்பார்க்கப்பட்டது. அந்தக் காலத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டு, ஷெர்வானி போட்டுக்கொண்டு கச்சேரிக்கு வந்து உட்கார்ந்தார். பார்த்தவர்களில் பாதிப் பேர் சங்கீதத்தை மறந்து சட்டையைப் பற்றியே பேசியிருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதானோ என்னவோ.

துண்டை இறக்கச் சொன்னதோடு போகவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். இந்தியச் சாதிமுறை பற்றிய தன் நூலில் ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது, கிராப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகளின் எண்ணிக்கை 11 ஆனது.

இதற்கும் முன்னால், இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தெற்குத் திருவிதாங்கூரில் ஒரு தோள்சீலைக்காக ஏறத்தாழ 40 ஆண்டுகள் அடிதடி நடந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்பது வழக்கம். மிஷனரிகளிடம் போய்க் கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேல்சட்டை போடத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ அதற்கு அனுமதி வாங்கித் தந்தார். ஆனால் பெண்கள் கேட்டது குப்பாயம் மட்டும் அல்ல. உயர்சாதிப் பெண்கள் போடும் அதே மாதிரி, சட்டைக்கு மேல் தோளில் ஒரு சீலை. அங்கேதான் வந்தது வினை. 1820களில் சந்தைகளிலும் சாலைகளிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் தேவாலயங்களும் தாக்கப்பட்டன. 1829இல் வந்த அரசாணை குப்பாயத்துக்குச் சம்மதித்தது, தோள்சீலைக்கு மறுத்தது. 1858 கடைசியில் மறுபடியும் கலவரம் வெடித்து, அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கடி கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார்.

அந்தப் பிரகடனத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்களைப் போல நாடார் பெண்கள் எல்லோருமே சட்டை போடலாம். மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மானத்தை மறைப்பதில் அரசுக்கு இனி ஆட்சேபம் இல்லை. தோளில் விழும் அந்த ஒரு மடிப்பில்தான் ஆட்சேபம். துணி உடம்புக்கு எவ்வளவு தேவையில்லாததோ அவ்வளவு கடுமையாக அதற்குக் காவல் இருந்திருக்கிறது.

மேல்நாட்டிலும் துணிக்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள், கொஞ்சம் வேறு மாதிரி. 1766இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸின் அமைச்சர் எஸ்கிலாச்சே, மாட்ரிட் நகரத்து ஆண்கள் நீளக் கேப்பும் அகலத் தொப்பியும் அணியக்கூடாது என்று உத்தரவு போட்டார். முகத்தையும் கத்தியையும் மறைக்க அவை வசதியாக இருக்கின்றன என்பது அவர் வாதம். ரொட்டி விலை ஏறி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ஊர் தெருவில் இறங்கியது. அமைச்சரின் வீடு சூறையாடப்பட்டது, மன்னர் தலைநகரை விட்டு நகர்ந்தார், எஸ்கிலாச்சே நாட்டை விட்டே அனுப்பப்பட்டார். பின்னால் வந்த அரண்டா பிரபு கொஞ்சம் சூட்சுமக்காரர். நீளக் கேப்பையும் அகலத் தொப்பியையும் தூக்குப்போடுபவரின் சீருடையாக ஆக்கினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு யார் போடுவார்கள்?

நம் ஊரில் இந்த விவகாரம் முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கொதித்தது. அடுத்த மாதமே முதல்வர் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: பொது இடத்தில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டிக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருப்பது இன்று பலருக்கு மறந்தே போயிருக்கும்.

சட்டம் செய்யாததை 1999இல் ஒரு சினிமாக் காட்சி செய்தது. 'படையப்பா' படத்தில் நீலாம்பரி வீட்டுக்கு வரும் ரஜினிக்கு உட்கார நாற்காலி தரப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, மேலே ஏற்றிக் கட்டியிருந்த ஊஞ்சலை இழுத்து இறக்கி, அதில் கால் மேல் கால் போட்டு உட்காருகிறார். தியேட்டர் அதிர்ந்தது ஸ்டைலுக்காக என்றுதான் பத்திரிகைகள் எழுதின. தலைமுறை தலைமுறையாக, உட்காரச் சொல்லாத வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கொட்டகையில் இருந்தார்கள்.

துண்டையும் சீலையையும் விட்டுவிட்டு, உண்மையிலேயே குளிருக்கென்று ஒரு கேப் தமிழ்நாட்டில் வேண்டும் என்றால் நீலகிரிக்கு ஏற வேண்டும். தோடர்களின் பூத்துக்குளி கனமான வெள்ளைப் பருத்தித் துணி. ஆணும் பெண்ணும் உடம்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வது. அதன் ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை. தோடர்கள் துணி நெய்வதில்லை, வெளியே வாங்குவார்கள். பூவேலை மட்டும் அவர்கள் வீட்டுப் பெண்களின் கை. வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி, இத்தனை இழை விட்டு ஒரு குத்து, இத்தனை இழை விட்டு அடுத்த குத்து என்று கணக்கிலேயே போகும். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் வரிசை முழுக்கக் கோணிக்கொள்ளும். முடிந்த வேலையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும். வாழும்போது போர்த்திய இதே வகைத் துணிதான் இறந்தவர் மேலும் போர்த்தப்படுகிறது. 2013இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கணினியின் முடிச்சுக் கணக்கும் தோடப் பெண்ணின் இழைக் கணக்கும் ஒரே ஜாதி என்று சொன்னால் இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளாது என்று நம்பலாம். கீழே சமவெளியில் மழைக்கு இருந்தது இதைவிட எளிய ஏற்பாடு. சாக்குப் பையின் ஒரு மூலையை உள்பக்கம் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு நனையாது. கொங்காணி என்பது அதற்குச் சில வட்டாரங்களில் உள்ள பெயர். அந்தக் கேப்பைப் போடக்கூடாது என்று யாரும் யாருக்கும் தடை விதித்ததாகத் தெரியவில்லை.

மறுபடி நாவலூர்ப் பையனிடம் வருவோம். அவன் விளையாட்டில் சாதி இல்லை, ஊர் இல்லை, மகாராஜாவின் பிரகடனம் இல்லை. ஆனால் கடை இருக்கிறது. 2006இல் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்: ஒப்ளிவியன்' விளையாட்டில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. நிஜக் காசைக் கொடுத்துப் பொய்க் குதிரைக்கு உடையா என்றார்கள். இன்று உடை விற்றே பல விளையாட்டுகள் பிழைக்கின்றன. ஆட்டம் இலவசம்; அலங்காரத்துக்குத்தான் காசு. 'ஃபோர்ட்நைட்' ஆடும் பிள்ளைகளிடையே, எதுவும் வாங்காமல் விளையாட்டு கொடுத்த உடையிலேயே வருபவனை 'டீஃபால்ட்' என்று கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. 2019இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட அறிக்கையில், அந்தப் பெயருக்குப் பயந்து காசு செலவழிப்பதாகப் பிள்ளைகளே சொல்லியிருந்தார்கள். உடையில்லாதவன் ஏழை, ஏழையோடு யார் சேருவார்கள் என்பதுதான் அந்தக் கேலியின் உட்பொருள். ராமநாதபுரத்துத் தடையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே குடிசை எரிந்தது. இங்கே ஒரு பையன் முகம் வாடுகிறான். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு முகம் வாடுவது சின்ன விஷயம் இல்லை. பெரியவர்கள் மட்டும் என்ன? அதே பழைய மகாபலிபுரம் சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிறவர்களின் கழுத்தில் தொங்கும் பட்டையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி, நிரந்தரமா ஒப்பந்தமா என்று டீக்கடையில் எடைபோட்டுவிடுகிறார்கள். அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. தட்கேம்கம்பெனி 2012இல் வெளியிட்ட 'ஜர்னி' விளையாட்டில் கடையே கிடையாது. பாலைவனத்தில் செம்மண் நிற அங்கி போட்ட ஓர் உருவம். பெயர் இல்லை, பேச்சு இல்லை. கழுத்தில் ஒரு குட்டித் துணி. அதில் எழுத்து போன்ற குறிகள் ஒளிரும். வழியில் கிடைக்கும் ஒளிச்சின்னங்களை எடுக்க எடுக்கத் துணி நீளும். நீளம் கூடக் கூடக் கொஞ்ச தூரம் காற்றில் மிதக்கலாம். மிதந்தால் குறிகள் அணையும். இணையத்தின் வழியே உலகின் எங்கோ ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் அதே மணலில் எதிர்ப்படுவார். பேச முடியாது, ஒரு மணியோசை மட்டும் எழுப்பலாம். அவரைத் தொட்டால் இருவர் துணியும் சேர்ந்து ஒளிரும். பனிமலையில் ஏறும்போது குளிரில் குறிகள் மங்கும், கல்லால் ஆன பறக்கும் பூதம் துணியைக் கடித்துக் குதறிவிடும். நீளமாக வளர்த்தது குட்டையாகிப்போகும். கூட வந்தவரின் பெயர் ஆட்டம் முடிந்த பிறகுதான் திரையில் வரும். மயிலுக்குப் போர்வை கொடுத்த அரசனை ஒரு விளையாட்டாகச் செய்தால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

தமிழ் உடையை யாராவது விளையாட்டில் ஒழுங்காகக் கொண்டுவருவார்களா என்பது அடுத்த கேள்வி. ரஜினியின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவமாக்கிய 'கோச்சடையான்' 2014இல் வந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய அந்தப் படத்தில் துணியின் அசைவு எவ்வளவு கஷ்டம் என்பது பல காட்சிகளில் தெரியும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் 'ராஜி' விளையாட்டில் இந்தியக் கோட்டைகளையும் ஓவியங்களையும் உடையையும் அழகாகக் காட்டியது. டொரன்டோவிலிருந்து 2023இல் வந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியை உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து விருதுகளும் வாங்கியது. அதில் துணியைவிட இட்லிக்குத்தான் வேலை அதிகம்.

வேட்டியும் சேலையும் கணினிக்குக் கேப்பைவிடக் கடினமான பாடம். கேப் இரண்டு தோளில் மட்டும் ஒட்டியிருக்கும், மற்றதெல்லாம் விட்டேற்றி. சட்டையும் பேண்ட்டும் தைத்தவை. உடம்போடு சேர்த்து உருவமாகவே செய்துவிடலாம். சேலையில் தையல் இல்லை. ஐந்தரை மீட்டர் துணி மடிப்பாக நின்று, இடுப்பில் செருகி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, கடைசி முழம் தோளில் தொங்குகிறது. ஒரு அடுக்கு இன்னொரு அடுக்குக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவே பாதிக் கணக்கு போய்விடும். வேட்டியோ நடக்கும்போது ஒரு துணி, உட்காரும்போது வேறு துணி. இதில் தமிழ் நாயகனுக்கு இன்னொரு கட்டாயம் உண்டு. சண்டைக்கு முன்னால் குனியாமல், காலாலேயே வேட்டியின் கீழ்நுனியைத் தூக்கிக் கையில் பிடித்து, மடித்துக் கட்டியாக வேண்டும். நம்மூரில் பத்து வயதுப் பையன் அப்பாவைப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் வித்தை அது. சிறுசேரியில் யாராவது ஒரு நிரலாளர் அதை 16 மில்லி நொடிக்குள் செய்து காட்டிவிட்டால், அந்த அசைவுக்குக் காசு கொடுக்க நாவலூர் முதல் டொரன்டோ வரை ஆள் இருக்கிறது. பாட்டியும் ஒருவேளை பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்.